ஜன்னல் கம்பியில் ஒட்டியிருந்த பச்சை

ஷஃபான் மாதம் பிறந்துவிட்டால் எங்கள் பகுதியில் பள்ளிவாசல்களுக்கும் மதரஸாக்களுக்கும் வெள்ளையடிப்பது வழக்கம். ரமளானை வரவேற்கும் ஆயத்தங்களுள் அதுவும் ஒன்று. 2019ஆம் ஆண்டு ஏப்ரலில் வந்த ஷஃபானில் எங்கள் மதரஸாவுக்கு அது வழக்கத்தைவிடப் பெரிய வேலையாகிவிட்டது. அதற்கு ஐந்து மாதங்களுக்கு முன்னர், 2018 நவம்பர் 16ஆம் நாள் விடியற்காலையில் வீசிய கஜா புயலைப் புதுக்கோட்டை மாவட்டத்தார் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். ஆலங்குடி, கறம்பக்குடி, அறந்தாங்கிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளை எல்லாம் சாய்த்துவிட்டுப் போன புயல் அது. அறந்தாங்கிக்குக் கிழக்கே உள்ள எங்கள் சிற்றூரில் பள்ளிவாசலின் வேப்பமரம் முறிந்து மதரஸாவின் மீது விழுந்தது. நான்கு ஜன்னல்களும் ஒரு கதவும் உடைந்தன. சமையற்கட்டின் ஆஸ்பெஸ்டாஸ் கூரை தூள்தூளாயிற்று.

உடைந்தவற்றை மாற்றினோம். உடையாத ஜன்னல்களுக்குப் புது வண்ணம் பூசுவதென்று ஜமாஅத்தில் முடிவாயிற்று. அவற்றில் இருந்தது 1990களில் யாரோ ஒரு நல்ல மனிதர் வாங்கிக் கொடுத்த பச்சை எனாமல். வெயிலில் உலர்ந்து, செதில் செதிலாக உரிந்து கொண்டிருந்தது. அதைச் சுரண்டி எடுத்தால்தான் புதுப்பூச்சு பிடிக்கும் என்றார் வண்ணமடிப்பவர். சுரண்டுவதற்குத் தனிக் கூலி கேட்டார். கூலியை மிச்சப்படுத்தும் யோசனையைச் சொன்னவன் நான். மாணவர்களில் பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுத்தேன். எல்லாரும் ஒன்பது வயதுக்கும் பதின்மூன்று வயதுக்கும் இடைப்பட்டவர்கள். ஆளுக்கொரு உப்புத்தாள் கொடுத்தேன். மாலையில் ஆளுக்கொரு பரோட்டாப் பொட்டலம் என்றேன். பிள்ளைகளுக்கோ ஓதுவதிலிருந்து ஒரு நாள் விடுதலை. பாடிக்கொண்டே தேய்த்தார்கள்.

அந்த அறையில் எழுந்த பச்சைத் தூசு இன்றைக்கும் என் கண்முன் நிற்கிறது. ஜன்னல் வழியாக வந்த வெயிலில் அது அழகாகக்கூட இருந்தது. அஸருக்குப் பாங்கு சொன்னதும் பிள்ளைகள் ஒளுச் செய்துவிட்டு வந்தார்கள். கையும் முகமும் தூய்மையாயின. விரித்திருந்த பாயில் படிந்திருந்த தூசை யாரும் தட்டவில்லை. அதே பாயில் நெற்றியும் மூக்கும் பதிய ஸஜ்தா செய்தார்கள். அவர்களுக்கு முன்னால் நின்று தொழவைத்தவனும் நான்தான்.

அவ்வாண்டு நோன்புப் பெருநாளுக்கு ஷார்ஜாவிலிருந்து விடுப்பில் வந்தார் எங்கள் முன்னாள் மாணவர் ஒருவர். கட்டுமான நிறுவனம் ஒன்றில் தொழிலாளர் பாதுகாப்பைக் கவனிக்கும் வேலை. ஸலாம் சொல்லி உட்கார்ந்தவரின் பார்வை ஜன்னல் ஓரத்துக்குப் போயிற்று. கம்பி சுவரில் பதியும் இடுக்கில் பழைய பச்சை இன்னும் கொஞ்சம் ஒட்டியிருந்தது.

“ஹஜ்ரத், பழைய பெயிண்டைச் சுரண்டினது யாரு?”

“நம்ம பிள்ளைங்கதான்” என்றேன், சற்றுப் பெருமையாகவே.

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, அந்தச் செதிலில் கொஞ்சம் காகிதத்தில் மடித்துத் தரும்படி கேட்டார். சென்னையில் உள்ள ஓர் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார். முடிவு வந்தபோது அவர் மீண்டும் ஷார்ஜாவுக்குப் போயிருந்தார். தொலைபேசியில்தான் சொன்னார். சட்டம் அனுமதிக்கும் அளவைப்போலப் பன்மடங்கு ஈயம் அதில் இருந்தது.

நான் மன்னர் கல்லூரியில் வரலாறு படித்து பி.ஏ. பட்டம் பெற்றவன். வேதியியல் எனக்குத் தூரத்து ஊர். ஈயம் என்றதும் பெருநாள் பிரியாணிக்குத் தேக்சாவுக்கு ஈயம் பூசுவதுதான் நினைவுக்கு வந்தது. இதை வாசிக்கும் தாய்மார்களுக்கும் அந்த ஐயம் வரக்கூடும். பாத்திரத்துக்குப் பூசுவது வெள்ளீயம்; அது வேறு உலோகம். வண்ணத்தில் இருப்பது காரீயம். பழைய துப்பாக்கிக் குண்டுக்கும் கார் பாட்டரிக்கும் உரியது. நம் மொழியில் இரண்டையும் ஈயம் என்றே சொல்லிவிடுவதால் வரும் குழப்பம் சிறிதன்று.

காரீயத்தை வண்ணத்தில் ஏன் சேர்த்தார்கள் என்று தேடிப் படித்தேன். காரணங்கள் எளியவை. பளிச்சென்ற மஞ்சள் நிறம் காரீயக் குரோமேட்டிலிருந்து மலிவாகக் கிடைக்கும். அந்த மஞ்சளுடன் நீலத்தைக் கலந்தால் பச்சை. நாம் பள்ளிவாசல் கதவுக்கும் தர்காவின் கம்பிக்கும் விரும்பிப் பூசும் பச்சை, பழைய எனாமல்கள் பலவற்றில் இப்படிப் பிறந்ததுதான். மேலும் காரீயம் சேர்ந்த வண்ணம் சீக்கிரம் காயும். இரும்பில் துரு ஏறாது. மழை வெயிலுக்கு ஈடுகொடுக்கும். மரத்துக்கும் இரும்புக்கும் நல்லதைச் செய்தது. பிள்ளைகளைப் பற்றி எவரும் கேட்கவில்லை.

எவரும் கேட்கவில்லை என்றும் சொல்ல முடியாது. கேட்டார்கள், உலகம் செவிமடுக்கவில்லை. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் லாக்ஹார்ட் கிப்சன் என்னும் கண் மருத்துவர், பிள்ளைகள் பலர் கை கால் சோர்ந்தும் பார்வை மங்கியும் வருவதைக் கண்டு காரணம் தேடினார். வீட்டுத் தாழ்வாரக் கிராதிகளில் பூசிய காரீய வண்ணம் வெயிலில் பொடியாகிப் பிள்ளைகளின் விரல்வழியே வாய்க்குப் போகிறது என்று 1904ஆம் ஆண்டிலேயே எழுதினார். உடனே ஏற்றுக்கொள்ளப்படவில்லை. 1921இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு கட்டடங்களின் உட்புறத்தில் வெள்ளைக் காரீயம் பூசுவதைக் கட்டுப்படுத்த ஓர் உடன்படிக்கை இயற்றியது. அமெரிக்கா வீட்டு வண்ணங்களில் அதைத் தடைசெய்தது 1978இல்தான். நம் நாட்டில், வீட்டு வண்ணங்களிலும் அலங்கார வண்ணங்களிலும் காரீயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கலாகாது என்னும் விதி 2016 நவம்பரில் வெளியாகி, 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதாவது ஒரு கிலோ உலர்ந்த வண்ணத்தில் 90 மில்லிகிராம். தாழ்வாரக் கிராதியிலிருந்து இந்த விதி வரை 112 ஆண்டுகள். வரலாறு படித்தவனுக்கு இந்தக் கணக்கு உறுத்துகிறது.

இந்த விதி வருவதற்கு முன்னரே நம் நாட்டில் எச்சரிக்கை மணி அடித்தவர்கள் உண்டு. பெங்களூரைச் சேர்ந்த மருத்துவ அறிவியலாளர் துப்பில் வெங்கடேஷ் 1990களின் இறுதியில் ஜார்ஜ் அறக்கட்டளையுடன் சேர்ந்து பெருநகரப் பிள்ளைகளின் இரத்தத்தைச் சோதித்தார். ஏறத்தாழப் பாதிப் பிள்ளைகளின் இரத்தத்தில் அன்றைய எச்சரிக்கை அளவுக்கு மேல் காரீயம் இருந்தது. அப்போது பெட்ரோலிலும் காரீயம் கலந்திருந்தது. 2000ஆம் ஆண்டில் அது நிறுத்தப்பட்டது. தில்லியின் டாக்ஸிக்ஸ் லிங்க் அமைப்பு 2007இல் கடைகளில் விற்கும் வண்ணங்களை வாங்கிச் சோதித்து, சுவருக்குப் பூசும் பிளாஸ்டிக் வண்ணங்களில் காரீயம் மிகக் குறைவு, மரத்துக்கும் இரும்புக்கும் பூசும் எனாமலில்தான் மிகுதி என்று காட்டியது. விதி வந்த பின்னரும் சிறு நிறுவனங்களின் எனாமல்கள் பலவற்றில் வரம்பு மீறிய காரீயம் இருந்ததையும் பின்னாளில் அதே அமைப்பு வெளியிட்டது.

இனி என் கதைக்கு வருகிறேன்.

அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவன் ஜன்னலோரத்தில் உட்கார்பவன். அப்போது ஒன்பது வயது. ஓதும்போது ஒரு கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொள்வான். யோசிக்கும்போது கம்பியில் வாயை வைப்பான். பல்லால் சுரண்டுவதும் உண்டு. எத்தனையோ முறை அதட்டியிருக்கிறேன், அதுவும் ஒழுக்கம் கருதித்தான். நேற்று மனனமான சூராவை இன்று மறந்துவிடுவான். பத்து நிமிடம் ஒரே இடத்தில் உட்காரமாட்டான். நான் பிரம்பு எடுப்பவன் அல்லன். ஆனால் அவனை மற்ற பிள்ளைகளுக்கு முன்னால் “மந்தம்” என்று அழைத்திருக்கிறேன். பெயரைப் போலவே அது அவனுக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது. விளையாட்டிலும் பிள்ளைகள் அவனை அப்படியே கூப்பிட்டார்கள்.

காரீயம் சிறு பிள்ளைகளின் மூளையைத் தாக்கும். கவனத்தையும் நினைவாற்றலையும் குறைக்கும். ஒரே அளவு உடலுக்குள் போனாலும் பெரியவர்களைப் போல நான்கைந்து மடங்கு பிள்ளைகளின் உடல் ஈர்த்துக்கொள்ளும். இவற்றைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

பெற்றோர்களை அழைத்துச் சொன்னேன். சொல்லாமல் இருந்துவிடலாம் என்றும் ஒரு நாள் முழுவதும் எண்ணினேன் என்பதை மறைப்பதற்கில்லை. சிலர் கோபித்தார்கள். சிலர், “நாங்களெல்லாம் இதுலதானே வளர்ந்தோம் ஹஜ்ரத்” என்று சிரித்தார்கள். ஐந்து பிள்ளைகளின் வீட்டார் மட்டும் இரத்தப் பரிசோதனைக்கு இசைந்தார்கள். செலவை ஷார்ஜா மாணவர் ஏற்றார். காரீயத்துக்குத் தீங்கற்ற அளவு என்று ஒன்று கிடையாது. எனினும் ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 5 மைக்ரோகிராம் இருந்தாலே அது எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மூன்று பிள்ளைகளுக்கு அதற்குக் கீழே. ஒருவனுக்கு விளிம்பில். ஜன்னலோரத்துப் பிள்ளைக்கு அதற்கு மேலே.

அவனுடைய அம்மா என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. “ஹஜ்ரத், இவன் ஓதுறதை மறக்கிறது இதனாலயா?”

நான் புதுக்கோட்டை மருத்துவரிடம் அதே கேள்வியைக் கொண்டுபோனேன். ஆயிரம் பிள்ளைகளை வைத்துச் சொல்ல முடிவதை ஒரு பிள்ளையை வைத்துச் சொல்ல முடியாது என்றார் அவர். இந்த அளவுக்கு மருந்து தேவையில்லை, காரீயம் வரும் வழியை அடைத்தால் போதும் என்றார். வயிறு காலியாக இருந்தாலும், உடலில் இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்தாலும் காரீயம் அதிகமாக ஏறும் என்பதால் முருங்கைக்கீரை, கேழ்வரகு, பால், முட்டை கொடுக்கச் சொன்னார். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது அளவு குறைந்திருந்தது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அந்தத் தாயின் கேள்விக்கு என்னிடம் விடையில்லை. நான் சூட்டிய பெயரை எல்லாப் பிள்ளைகளின் முன்னிலையிலும் திரும்பப் பெற்றேன். அதை அவன் எப்படி எடுத்துக்கொண்டான் என்று முகத்தில் தெரியவில்லை. காலைத் தொங்கப்போட்டு ஆட்டிக்கொண்டிருந்தான்.

இதற்கிடையே இன்னொன்று வெளிப்பட்டது. புயலில் உடைந்த ஜன்னல் சட்டங்களும் கதவும், அதே பச்சை வண்ணத்துடன், நோன்புக் கஞ்சி காய்ச்சும் அடுப்புக்கு விறகாகப் போயிருந்தன. பாதி எரிந்து, பாதி அடுப்படியில் அடுக்கிக் கிடந்தது. வண்ணம் பூசிய மரத்தை எரித்தால் காரீயம் புகையாகவும் சாம்பலாகவும் பிரியும். அந்தச் சாம்பலைக் கொண்டுதான் தேக்சாவைத் துலக்கினார்கள். கஞ்சி காய்ச்சும் பெரியவரிடம் போய், “பெரியத்தா, இந்த மரத்த எரிக்க வேணாம்” என்றேன்.

“நல்ல தேக்கு ஹஜ்ரத். நின்னு எரியுது. நாப்பது வருஷமாக் கஞ்சி காய்ச்சுறேன், எனக்குத் தெரியாதா?”

அவரிடம் மைக்ரோகிராம் பேசிப் பயனில்லை. கஞ்சி வாங்கத் தூக்குவாளியுடன் வரும் பிள்ளைகளைப் பற்றிச் சொன்னேன். பேரனின் பெயரைச் சொன்னேன். மறுநாள் அந்த மரங்களைத் தாமே தூக்கிப் போய்க் கொல்லையின் கோடியில் போட்டுவிட்டார். சாம்பலுக்குப் பதில் தேங்காய் நாரும் புளியும் வந்தன.

சமையற்கட்டுக் கூரையைப் பற்றியும் ஒரு சொல். ஆஸ்பெஸ்டாஸ் எனப்படும் கல்நாரின் நுண்ணிழைகள் நுரையீரலில் தங்கிப் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோய் உண்டாக்கக் கூடியவை. ஐரோப்பிய ஒன்றியம் 2005 முதல் அதை அறவே தடைசெய்துவிட்டது. இங்கே தடையில்லை, கல்நார்த் தொழிலாளரின் உடல்நலத்தைக் காக்க 1995இல் உச்ச நீதிமன்றம் சில கட்டளைகளை இட்டதோடு சரி. முழுத் தகடாக மேலே இருக்கும் வரையில் தீங்கு குறைவு. உடைத்தாலும் அறுத்தாலும் துளையிட்டாலும் இழை பறக்கும். கஜாவுக்குப் பின் நம் ஊர்களில் எத்தனை வீட்டார் அந்தச் சில்லுகளைத் துடைப்பத்தால் கூட்டி வாசல் பள்ளத்தில் கொட்டி மிதித்திருப்பார்கள்! நாங்களும் அதையே செய்தோம். தண்ணீர் தெளித்து, நனைத்து, தடித்த பையில் கட்டிப் பிள்ளைகள் புழங்காத இடத்தில் புதைத்திருக்க வேண்டும். ஒட்டுப்பலகை அலமாரியும் இத்தகையதே. புதிய அலமாரியைத் திறந்தால் கண் எரிவது பசையிலுள்ள பார்மால்டிஹைடு என்னும் வாயுவால். இ-1, இ-0 என்னும் குறியுள்ள பலகையில் அது குறைவு. விலை கூடுதல்தான்.

கடைக்காரர் ஒருவர், “வாசமே இல்லாத பெயிண்ட், ஒரு கெடுதலும் பண்ணாது” என்று என்னிடம் விற்கப் பார்த்தார். வாசத்துக்கும் காரீயத்துக்கும் தொடர்பில்லை. மூக்கில் ஏறுவது வண்ணத்தைக் கரைக்கும் திரவத்தின் ஆவி. அதுவும் நல்லதன்று, ஆனால் காற்றோட்டம் இருந்தால் பெரும்பாலும் சில நாட்களில் போய்விடும். காரீயத்துக்கு வாசமே கிடையாது. டப்பாவின் மேல் காரீயம் 90 பி.பி.எம்.முக்கு மிகாது என்று அச்சிட்டிருக்க வேண்டும் என்பது விதி. அதைத்தான் பார்க்க வேண்டும். தொழிற்சாலைகளுக்கென்று செய்யும் வண்ணங்கள் இவ்விதியில் அடங்கா. மலிவு என்று அதை வாங்கி வீட்டுக் கேட்டுக்கும் ஊஞ்சலுக்கும் அடிப்பவர்கள் இருக்கிறார்கள்.

ஆயினும் விதி கடை வாசலோடு நின்றுவிடுகிறது. ஏற்கெனவே நம் கதவிலும் கம்பியிலும் இருப்பதை யார் கேட்பது? என் கவலை பெரிதும் இதைப் பற்றியே. உரியாமல் உறுதியாக இருக்கும் பழைய பூச்சைத் தொடாமல் விட்டு, அதன் மேலேயே புதுப்பூச்சு பூசிவிடுவது நல்லது. சுரண்டித்தான் ஆக வேண்டுமென்றால் தண்ணீரில் நனைத்துச் சுரண்ட வேண்டும். தீயை வாட்டி உரிக்கலாகாது. துடைப்பம் கூடாது, ஈரத்துணியால் துடைக்க வேண்டும். வேலை முடிந்து துடைத்து உலரும் வரை பிள்ளைகள் அந்தப் பக்கம் வரக் கூடாது.

கர்ப்பிணிகளும் வரக் கூடாது. நம் குடும்பங்களில் மகளைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்து வருமுன் வீட்டைச் சுரண்டி வண்ணம் அடிக்கிறோம். பல வீடுகளில் அவள் வந்து சேர்ந்த பிறகும் அந்த வேலை நடக்கிறது. அன்பினால் செய்வதுதான். ஆனால் காரீயம் உடலில் சுண்ணாம்புச் சத்தைப் போல வேடமிட்டு எலும்பில் தங்கும். கருவுக்கு எலும்பு வளரத் தாயின் உடல் கொடுக்கும்போது அதுவும் சேர்ந்து போகும்.

வண்ணமடிக்கும் தொழிலாளரையும் மறந்துவிடலாகாது. நாம் ஆண்டுக்கு ஒரு நாள் சுவாசிப்பதை அவர்கள் நாள்தோறும் சுவாசிக்கிறார்கள். அதே உடையோடு வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்குகிறார்கள். அன்று நான் மிச்சப்படுத்த நினைத்தது அப்படியொருவரின் கூலியைத்தான். தீங்கை நீக்குவது ஃபிக்ஹுச் சட்டவியலின் அடிப்படை விதிகளுள் ஒன்று. அதைப் பல ஆண்டுகளாகப் பாடம் நடத்துபவன் நான்.

சுவர்களைப் பொறுத்தவரை நாங்கள் சுண்ணாம்புக்குத் திரும்பிவிட்டோம். என் சிறுவயதில் அத்தா பெருநாளுக்கு முன் கிளிஞ்சல் சுண்ணாம்பை மண்தொட்டியில் நீற்றுவார். அது கொதிப்பதைப் பார்க்க நாங்கள் தள்ளி நிற்போம். கொஞ்சம் நீலம் கலந்து, தென்னை மட்டையின் நுனியைத் தட்டிச் செய்த தூரிகையால் அடிப்பார். நம் மாவட்டத்தில் கடியாபட்டி, இராயவரம் போன்ற ஊர்களின் நகரத்தார் வீடுகளில் சுண்ணாம்புப் பூச்சு தலைமுறைகள் கடந்தும் கண்ணாடிபோல் மின்னுவதைக் காணலாம். எங்கள் வேலை அத்தனை நேர்த்தி இல்லை. சட்டையில் ஒட்டுகிறது என்று பெற்றோர் குறைப்படுகிறார்கள். கண்ணில் பட்டால் சுண்ணாம்பும் பொல்லாததுதான். ஆகவே நீற்றும் வேலையைப் பெரியவர்களே செய்கிறோம்.

பெரிய வாயிற்கதவு மட்டும் தீராத வழக்காக நிற்கிறது. அதுவும் அந்தக் காலத்துப் பச்சைதான். அடிப்பகுதி துருவேறி உரிகிறது. புதிதாகச் செய்யப் பணமில்லை. நனைத்துச் சுரண்ட ஆள் வைத்தால் இரண்டு நாள் கூலி கூடுதலாகும் என்று ஜமாஅத்தில் பேச்சு வந்தது. இவ்வாண்டு ஷஃபானில் அந்தக் கூலியை நானும் இன்னும் மூவரும் பகிர்ந்துகொள்வதாகச் சொன்னோம். கீழ்ப்பாதி முடிந்தது. மேல்பாதிக்குப் புதுப்பூச்சு மட்டும் பூசினோம்.

வண்ண டப்பா வந்து இறங்கியபோது ஜன்னலோரத்துப் பிள்ளை அங்கே நின்றிருந்தான். இப்போது உயர்நிலை வகுப்புக்கு வந்துவிட்டான். குரல் உடைந்திருக்கிறது. மனனம் இன்றும் அவனுக்குச் சிரமம்தான். கணக்கு நன்றாக வருகிறது என்று பள்ளி ஆசிரியர் சொன்னார். டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்ததைத் தேடி, விரல் வைத்துப் படித்துக் காட்டினான். பிறகு, தயாரித்த தேதியின் மேல் கடைக்காரர் விலைச் சீட்டை ஒட்டியிருப்பதாகச் சொல்லி, நகத்தால் அதை உரிக்கத் தொடங்கினான்.